கோழி முட்டை 'பொய்' சொல்லுமா?

சென்ற வாரம் ஒரு சகோதரி நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஆறாவது வகுப்பில் படிக்கும் அவருடைய குமாரன் இங்கிலீஷ் நோட்டுப் புத்தகத்தில், கோழி தினந்தோறும் முட்டை இடுகிறது என்று எழுத வேண்டிய இடத்தில், 'தி ஹென் லைஸ் அன் எக்' என்று எழுதிவிட்டானாம். உபாத்தியாயர் சிவப்பு மையால் ஒரு பெரிய சுழி போட்டு அனுப்பிவிட்டார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, "அம்மா, இதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறான்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது, தமிழ் ஓரளவு தெரியும். பையன் கேட்டதும் விழித்தேன். 'உனக்கு ஒன்றும் தெரியாதா, அம்மா?' என்று அவன் கேட்டது மனத்தைச் சுட்டது. இந்த மாதிரி விஷயங்களில் என்னைப் போன்ற தாய்மார்கள் பிள்ளைகளுக்கு உதவி செய்ய ஏதாவது வழி உண்டா?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

உண்டு என்பதே நம் விடை. ஒருபடி மேலே சென்றும் சொல்லுவோம். இந்த விஷயத்தில் அந்த அம்மாளுக்குத் தேவையான ஞானம் முழுவதும் அவரிடமே இருக்கிறது. அது தமிழ் இலக்கணத்தில் இருக்கிறபடியால், இங்கிலீஷுக்கு அது பயன்படும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை; அவ்வளவுதான்.

முதலில் கோழியின் விஷயத்தைக் கவனிப்போம். இங்கிலீஷில் 'லை' என்றும் 'லே' என்றும் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. 'லை' என்றால் கிடத்தல், படுத்திருத்தல். 'லே' என்றால் கிடத்துதல், வைத்தல், இடுதல். நாய் வாசலில் கிடக்கிறது: இது 'லை'. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள்: இது 'லே'. கொத்தனார் அஸ்திவாரம் இடுகிறார். கோழி முட்டை இடுகிறது: இவை இரண்டும் 'லே'. தமிழிலே அஸ்திவாரத்துக்கும் முட்டைக்கும் 'இடு' என்ற ஒரே சொல் பொருந்துவது போல இங்கிலீஷிலும் ஒரே சொல் பொருந்துகிறது பாருங்கள்.

இனி, 'கிட' என்பதற்கும் 'கிடத்து' என்பதற்கும் உள்ள வேற்றுமை என்ன? முன்னது தன்வினை, பின்னது பிறவினை. எழு, எழுப்பு, இரு, இருத்து, வீழ், வீழ்த்து, கல், கற்பி, திருந்து, திருத்து, உருள், உருட்டு, இப்படி நூற்றுக்கணக்கான ஜோடிகளை நாம் தினந்தோறும் பிழையில்லாமல் வழங்குகிறோம். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத கிழவி கூட, "பிள்ளையை எழுந்தேன்" என்று சொல்லமாட்டாள். "எழுப்பினேன்" என்றே சொல்லுவாள்.

இங்கிலீஷிலும் இதே ஜோடிகள் இருக்கின்றன. எழு என்பது 'ரைஸ்'. எழுப்பு, உயர்த்து என்பது 'ரெயிஸ்'. இரு, உட்கார் என்பது 'ஸிட்'; இருத்து, வை என்பது 'ஸெட்'. வீழ் என்பது 'ஃபால்'. மரத்தை வெட்டி வீழ்த்து என்பது 'ஃபெல்'. கிட என்பது 'லை'. கிடத்து என்பது 'லே'. இது தற்செயலான ஒற்றுமை அன்று. இங்கிலீஷுக்குத் தாயாகிய பழைய ஜெர்மானிய பாஷையில், நம்முடைய 'வி', 'பி' விகுதிகளைப் போலவே, தன்வினையைப் பிறவினை ஆக்குவதற்கு ஒரு விகுதி இருந்தது. அதில் ஒரு யகர ஒலி உண்டு. காலக்கிரமத்தில் அந்த விகுதி தேய்ந்து மறைந்து போயிற்று. ஆனால் மறைவதற்கு முன்னால், தனக்கு முன் நின்ற உயிரெழுத்தைச் சற்றுத் திரித்துவிட்டுப் போயிற்று. 'ஃபால்' என்பது 'ஃபெல்' ஆனது அப்படித்தான். ஆள் போய்விட்டான், அவன் காலடி மாத்திரம் மண்ணில் நிற்கிறது. தமிழிலோ அந்த விகுதிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பவணந்தி முனிவர் நன்னூலில் கூறிய 'வி'யும் 'பி'யும் 'செய்வி' என்பதிலும் 'கற்பி' என்பதிலும் நம் நாவில் தினமும் நடமாடுகின்றன. ஆகையால் இந்த ஜோடிகளை அறிவதில் இங்கிலீஷ்காரனைவிடத் தமிழனுக்கே சௌகரியம் அதிகம் என்று நாம் கருதுகிறோம்.

அந்தச் சகோதரி செய்ய வேண்டியது இதுதான். பையன் தயங்கும்போது, "எதை?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கோழி இடுகிறது. எதை? முட்டையை. விடை கிடைத்துவிட்டது; ஆகையால் 'லே'. நாய் கிடக்கிறது. எதை? விடை இல்லை, ஆகையால் 'லை'. சூரியன் எழுகிறது. எதை? விடை இல்லை, 'ரைஸ்'. மாணாக்கன் உயர்த்துகிறான். எதை? கையை, 'ரெயிஸ்'. இந்த ஒரு கேள்வி பத்துப் பக்கம் இலக்கணத்துக்குச் சமானம். ஒரு விலக்கு மாத்திரம் சொல்லிவிட வேண்டும். சூரியன் அஸ்தமிப்பதை இங்கிலீஷில் 'ஸெட்' என்றே சொல்லுகிறார்கள். அங்கே "எதை?" என்று கேட்டால் விடை வராது. சூரியனுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு சுலபமானால் பிழை ஏன் வருகிறது? இறந்த காலத்திலேதான் சூழ்ச்சி இருக்கிறது. 'லை' என்பதன் இறந்த காலம் 'லே'. அதன் மூன்றாவது வடிவம் 'லெயின்'. 'லே' என்பதன் இறந்த காலம் 'லெயிடு'. மூன்றாவது வடிவமும் அதுவே. ஆக, இன்று கிடத்துவதும் 'லே'. நேற்றுக் கிடந்ததும் 'லே'. போதாக்குறைக்குப் பொய் சொல்லுவதற்கும் 'லை' என்றே பெயர்; அதன் இறந்த காலம் 'லைடு'. அது வேறு வேரிலிருந்து பிறந்த வேறு சொல். நம் பையன் எழுதிய வாக்கியத்தைப் படித்தவர், கோழி முட்டை விஷயமாகப் பொய் சொல்லுகிறதோ என்று சந்தேகித்தாலும் சந்தேகிக்கலாம்! 'ஃபால்' என்ற சொல்லிலும் இதே கூத்துத்தான். 'ஃபெல்' என்றால் வீழ்த்து. 'ஃபால்' என்பதன் இறந்த காலமும் 'ஃபெல்'. ஒன்றை நினைவில் வைத்துக் கொண்டால் மற்றது தானே வரும்.

இங்கே நம்முடைய குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறருடைய பிழையைத் திருத்த வந்தவன் தன் பிழையை மறைப்பது நியாயம் அல்ல.

நாம் உபாத்தியாயர் வேலையில் அமர்ந்த புதிதில், பட்டம் பெற்ற மிடுக்கு இன்னும் இறங்காமலிருந்த காலத்தில், ஒரு மாணாக்கன் தன் வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். பாட்டி நாள் முழுவதும் கட்டிலில் படுத்திருந்தாள் என்ற பொருளில், 'மை கிராண்ட்மதர் லே ஆன் தி காட் ஆல் டே' என்று எழுதியிருந்தான். அது முற்றும் சரியான வாக்கியம். நாம் ஒரு கணமும் யோசிக்காமல் 'லே' என்பதை அடித்துவிட்டு 'லெயிடு' என்று எழுதினோம். பையன் நோட்டுடன் நம் மேஜையருகே வந்து நின்றான். "ஸார், டிக்ஷனரியில் நான் எழுதினபடிதான் போட்டிருக்கிறது" என்று மெள்ளச் சொன்னான். நாம், "சரி, சரி, போய் உட்கார்" என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவன் போய் உட்கார்ந்தான்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். அவன் சொன்னதே சரி. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். மறுநாள் வந்தது, நாற்பது பையன்கள் முன்னால் வாய் எழும்பவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினோம். இப்படி ஒரு வாரம் போயிற்று. அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. அந்த ஜோடியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். அந்தப் பையன் தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, நாம் சொன்னபடி 'லெயிடு' என்று எழுதியிருந்தான். விடைத்தாளைத் திருத்தியவர் வேறோர் உபாத்தியாயர். அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

போனது ஒரே ஒரு மதிப்பெண்தான். ஆனால் அந்தப் பையனிடமிருந்து நாம் பறித்தது ஒரு மதிப்பெண் மாத்திரம் அல்ல; தான் படித்து அறிந்ததை நம்பும் தைரியத்தையும் பறித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் வகுப்பின் முன் நின்று, "அவன் எழுதியது சரி, நாம் திருத்தியது தப்பு, தெரிந்தும் ஒரு வாரம் சொல்லாமலிருந்தது அதைவிடப் பெரிய தப்பு" என்று சொன்னோம். பையன்கள் சிரிக்கவில்லை. நாம் பயந்தது போல மரியாதையும் குறைந்துவிடவில்லை. அந்த மாணாக்கன் மாத்திரம் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை, ஸார்" என்றான். அந்த 'பரவாயில்லை' இன்றைக்கும் நம் காதில் ஒலிக்கிறது. அன்று முதல், சிவப்பு மையைத் தொடுவதற்கு முன்னால் அகராதியைத் தொடுவது என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஜோடியில் தவறியவர் நாம் மாத்திரம் அல்ல. இங்கிலீஷ் மகாகவிகளில் ஒருவராகிய பைரன் (1788-1824), 1818-ஆம் வருஷம் வெளியான 'சைல்டு ஹெரால்டு' காவியத்தின் நான்காம் பாகத்தில், கடலை விளித்துப் பாடும் இடத்தில், கிடக்கட்டும் என்ற பொருளுக்கு 'லை' என்னாமல் 'லே' என்றே பாடிவிட்டார். எதுகைக்காகச் செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, இலக்கணக்காரர்கள் இன்றுவரை அவரை விடவில்லை. சொந்த பாஷையிலேயே அவ்வளவு பெரிய கவி இடறிய இடத்தில், அந்நிய பாஷையில் ஆறாவது வகுப்புப் பையன் இடறினால் அதற்காக அழ வேண்டியதில்லை. எழுந்து நடந்தால் போதும்.

கல், கற்பி என்ற ஜோடிக்கும் இதே அளவுகோல்தான். கல் என்பது 'லெர்ன்'. கற்பி என்பது 'டீச்'. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'லெர்ன்' என்ற சொல்லைக் கற்பித்தல் என்ற பொருளிலும் வழங்கினார்கள். அவருடைய 'டெம்பெஸ்ட்' நாடகத்திலும் அந்தப் பிரயோகம் உண்டு. பிற்காலத்தில் அது கொச்சை என்று தள்ளப்பட்டது. ஆகையால் பழைய புத்தகத்தில் கண்டோம் என்று இன்றைய பரீட்சையில் எழுதிவிடக் கூடாது.

'பாரோ', 'லெண்ட்' என்ற ஜோடியில் நம் மாணாக்கர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். பேனாவை மறந்து வந்த பையன், 'கேன் யூ பாரோ மீ யுவர் பென், ஸார்?' என்று கேட்கிறான். உங்கள் பேனாவை நீங்களே இரவல் வாங்குவீர்களா என்று கேட்பது போலல்லவா இருக்கிறது! 'பாரோ' என்றால் இரவல் வாங்குதல். 'லெண்ட்' என்றால் இரவல் கொடுத்தல். பொருள் நம்மிடம் வருகிறதா, நம்மை விட்டுப் போகிறதா என்று பார்த்தால் போதும். இதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெர்மன் பாஷையில் இரண்டு செயலுக்கும் ஒரே சொல்லை வழங்குகிறார்கள்.

வருவது, போவது என்னும் நுட்பத்தில் தமிழரைப் போல் எச்சரிக்கையுள்ளவர்கள் குறைவு. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை; செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்பதே மரபு. இங்கிலீஷில் 'கம்' என்பதும் 'கோ' என்பதும் ஏறக்குறைய இந்த வழியிலேயே நடக்கின்றன. "நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்" என்று தமிழில் சொல்லுகிறோம். இங்கிலீஷிலும் அங்கே 'கம்' என்றே வரும். 'பிரிங்', 'டேக்' என்பவை இவற்றின் உடன்பிறப்புகள். கொண்டு வா என்பது 'பிரிங்'. கொண்டு போ என்பது 'டேக்'. நம் பிள்ளைகள் 'எடுத்து வா' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'டேக் அண்டு கம்' என்று சொல்லிவிடுகிறார்கள். வா என்ற சொல் தமிழ் வாக்கியத்தின் முடிவில் இருந்தால், இங்கிலீஷில் 'பிரிங்' என்று எழுதும்படி சொல்லிக் கொடுங்கள்.

இதுவரை தமிழே வழிகாட்டியாக நின்ற ஜோடிகளைக் கண்டோம். தமிழில் ஒரே சொல்லாகவும் இங்கிலீஷில் இரண்டாகவும் இருப்பவை வேறொரு வகை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

'கேள்' என்ற சொல்லைப் பாருங்கள். வினாவுதலும் கேட்டல்தான், ஓசை காதில் விழுவதும் கேட்டல்தான், ஒருவர் சொல்லுவதைச் செவிசாய்த்து உணர்வதும் கேட்டல்தான். திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே அது செவியால் அறிவு பெறுவதைக் குறிக்கும். இன்று நாம் அதே சொல்லைப் பரீட்சைத் தாளிலுள்ள வினாவுக்கும் வழங்குகிறோம். இங்கிலீஷிலோ வினாவுவது 'ஆஸ்க்'. காதில் விழுவது 'ஹியர்'. காது கொடுப்பது 'லிஸன்'. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறது: 'ஹியர்'. அப்பா சொல்லுவதைப் பிள்ளை கேட்கிறான்: 'லிஸன்'. முதலாவதற்கு நம் முயற்சி வேண்டாம். இரண்டாவதற்கு மனமும் வேண்டும். 'லிஸன்' என்றால், யாரைக் கேட்கிறோமோ அவருக்கு முன்னால் 'டு' என்ற சிறு சொல்லையும் சேர்க்க வேண்டும்.

'பார்' என்பதும் இவ்வாறே. கண்ணில் படுதல் 'ஸீ'. கண்ணைத் திருப்பி நோக்குதல் 'லுக்'. நடப்பதைத் தொடர்ந்து கவனித்தல் 'வாட்ச்'. கிரிக்கெட் பந்தயத்தை 'வாட்ச்' செய்கிறோம். சுவரிலுள்ள படத்தை நோக்கி 'லுக்' செய்கிறோம். வழியில் யானை எதிர்ப்பட்டால் 'ஸீ' செய்கிறோம்.

'சொல்' என்பதற்கு 'ஸே' உண்டு, 'டெல்' உண்டு. சொன்ன விஷயம் முக்கியமானால் 'ஸே'. யாரிடம் சொன்னோம் என்பதும் உடனே வருமானால் 'டெல்'. 'ஹி டோல்டு மீ' என்பது சரி; 'ஹி ஸெட் மீ' என்பது பிழை. கதை சொல்லுவது, உண்மை சொல்லுவது, பொய் சொல்லுவது ஆகிய மூன்றுக்கும் ஆளைக் குறிப்பிடாவிட்டாலும் 'டெல்' என்றே வரும்.

'ராப்', 'ஸ்டீல்' என்ற ஜோடி வேடிக்கையானது. 'ஸ்டீல்' என்றால் பொருளைத் திருடுதல். 'ராப்' என்றால் ஆளையோ இடத்தையோ கொள்ளையடித்தல். திருடன் நகையை 'ஸ்டீல்' செய்கிறான். வீட்டை 'ராப்' செய்கிறான். இதை மாற்றி, திருடன் வீட்டை 'ஸ்டோல்' செய்தான் என்று ஒரு மாணாக்கன் எழுதினான். சுவர், கூரை, கிணறு உட்பட வீடு முழுவதையும் தூக்கிக் கொண்டு போன அந்தத் திருடனின் பலத்தை வியப்பதா, பையனின் இங்கிலீஷைத் திருத்துவதா என்று நாம் சற்று நேரம் திகைத்தோம்.

முடிவாக ஒரு சொல். 'ஹாங்' என்ற வினைக்கு இறந்த காலம் இரண்டு. பொருளைத் தொங்கவிட்டால் 'ஹங்'. மனிதனைத் தூக்கிலிட்டால் 'ஹாங்டு'. பழங்காலத்தில் வெவ்வேறாக இருந்த வினைகள் ஒன்றாகக் கலந்ததால் இந்த இரட்டை வடிவம் நிலைத்தது. கட்டபொம்மனை 1799-ல் கயத்தாற்றிலும், பகத் சிங்கை 1931-ல் லாகூரிலும் தூக்கிலிட்டார்கள். சரித்திரப் பாடத்தில் இவர்களைப் பற்றி எழுதும் மாணாக்கன் 'ஹங்' என்று எழுதினால், சுவரில் மாட்டிய படத்தின் வரிசையில் அவர்களைச் சேர்த்தவன் ஆகிறான். அவர்கள் படங்கள் சுவரில் தொங்குகின்றன, அது 'ஹங்'. அவர்கள் உயிர் கொடுத்தது 'ஹாங்டு'. இந்த இடத்திலாவது பிள்ளைகள் சரியான சொல்லை எழுத வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. இன்று மாலை பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். "கோழி என்ன செய்கிறது? கிடக்கிறதா, இடுகிறதா? எதை இடுகிறது?" என்று தமிழில் கேளுங்கள். விடை அவன் வாயிலிருந்தே வரும். பிறகு அவன், "உனக்கு எப்படி அம்மா தெரிந்தது?" என்று கேட்பான். "எனக்குத் தமிழ் தெரியும்" என்று சொல்லுங்கள்.

நேயர்கள் பார்க்க ஐந்து வாக்கியங்கள் தருகிறோம். ஒவ்வொன்றிலும் எந்த வினை வரும் என்று வீட்டில் எல்லோரும் கூடி யோசித்துப் பாருங்கள். ஒன்று: தாத்தா நேற்று முழுவதும் படுக்கையில் கிடந்தார். இரண்டு: விலை உயர்ந்தது. மூன்று: கடைக்காரர் விலையை உயர்த்தினார். நான்கு: அண்டை வீட்டாரிடம் ஏணி இரவல் வாங்கினோம். ஐந்து: வானொலியைச் செவிசாய்த்துக் கேட்டோம்.

விடைகள்: 'லே', 'ரோஸ்', 'ரெயிஸ்டு', 'பாரோடு', 'லிஸண்டு'. ஐந்தும் சரியானால் மிக்க மகிழ்ச்சி. முதலாவது தவறினால் கவலை வேண்டாம். அந்த இடத்தில் நாமும் ஒரு முறை தவறியிருக்கிறோம்.